சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டர். பொன்னேரி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் காற்றில் உப்பு வாசனை வந்துவிடும். பழவேற்காடு. ஏரி, படகு, கரையில் காயும் வலை, அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை. நான் போனது இதற்கெல்லாம் இல்லை. டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்க.

பார்க்க வேண்டிய இடம்தான். வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகள், கல்லில் செதுக்கியவை, காவலுக்கு நிற்கிற மாதிரி. உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கற்பலகைகள். பெயர், குடும்பச் சின்னம், பூ வேலைப்பாடு... இத்தனை வருஷ உப்புக் காற்றுக்கும் அசையாத எழுத்து. தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அரை மணி நேரம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

நண்டு விற்றுக்கொண்டிருந்த அம்மா கேட்டார். "கல்லறைக்கா வந்தீங்க? உங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா அங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. உறவு இல்லாத கல்லறைக்கு ஒருத்தர் எதற்காக பெட்ரோல் செலவு பண்ணி வரணும்? நியாயமான கேள்விதானே!

வீடு வரும்வரை அந்தக் கேள்வி விடவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கால் பதித்தது 1610-ல். 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டை. இங்கிருந்து கப்பல் கப்பலாகத் துணி போனது. மனிதர்களும் போனார்கள். பஞ்சம் வந்தபோதெல்லாம் கஞ்சிக்கு வழியில்லாமல் தன்னையே விற்றவர்கள், பெற்ற பிள்ளையை விற்றவர்கள். அவர்களை வாங்கி பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில். நான் படித்தது பி.காம். சரக்குக் கணக்கு எழுதத் தெரியும். எத்தனை உருப்படி, என்ன விலை என்று எழுதினால் போதும். உருப்படிக்குப் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை.

ஆக, அந்த அம்மாவுக்குச் சரியான பதில் இதுதான்: சொந்தக்காரங்க இருந்திருக்கலாம்மா. ஆனா அவங்களுக்கு இங்கே கல் கிடையாது.

அப்படியானால் நான் ரசித்தது தப்பா? இப்படிப் பார்த்தால் எந்தக் கோட்டையையும், எந்த அரண்மனையையும் ரசிக்க முடியாதே என்பீர்கள். உண்மைதான். சிற்பி என்ன பாவம் செய்தான்? ரசித்ததில் எனக்கு வெட்கமில்லை. அரை மணி நேரம் வாங்கியவன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்த எனக்கு, விற்கப்பட்டவன் ஞாபகம் ஒரு நிமிஷம்கூட வரவில்லையே, அதுதான் உறுத்துகிறது. சாவு எல்லாருக்கும் பொது என்று சொல்லத்தான் வாசலில் எலும்புக்கூடு. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் போனால் கல்லறையை அவசியம் பாருங்கள். அப்படியே முகத்துவாரம் பக்கமும் கொஞ்சம் பாருங்கள், ஏரி கடலில் சேருகிற இடம். அங்கே போர்டு எதுவும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர்தான்.

நண்டு, சொல்ல மறந்துவிட்டேனே, பிரமாதம். ஒரு கிலோ வாங்கினேன். பேரம் பேசவில்லை.