பிறந்த நாளா, நிறைந்த நாளா?

புனிதம் மனித வாழ்வின் தொடக்கத்திலேயே அமைவதா, முடிவில் கைகூடுவதா என்னும் வினாவுக்குச் சமயங்கள் தரும் விடை, அவை விழாவுக்குத் தேர்ந்துகொள்ளும் நாள்களிலேயே அடங்கியிருக்கிறது. சைவம், வைணவம், கிறித்தவம், இசுலாம் ஆகிய நான்கும் அருகருகே வழங்கும் காரைக்காலில், டிசம்பர் முற்பகுதியின் நாள்கள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன.

கத்தோலிக்கர் டிசம்பர் 3ஆம் நாளைப் புனித சவேரியாரின் திருநாளாகக் கொண்டாடுவது, 1552இல் சீனக் கரையை அடுத்த ஒரு தீவில் அவர் உயிர்நீத்த நாள் அது என்பதனாலாகும். புனிதரின் இறப்பே விண்ணகப் பிறப்பு என்பது திருச்சபையின் கருத்து. ஆயினும் டிசம்பர் 8இல் மரியன்னை தம் தாயின் வயிற்றில் கருவுற்றதே விழாவாகிறது. முதல் மனிதன் வழியாக மானிடர் அனைவரையும் தொடரும் சென்மப் பாவம் அவரைக் கருவிலும் தீண்டவில்லை என்னும் அமல உற்பவக் கோட்பாட்டைத் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1854இல் அதே நாளில் அறிவித்தார். டிசம்பர் 8இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் வருவதே, மரியன்னையின் பிறந்த நாளாக வேளாங்கண்ணியில் பெருவிழாவாகும் செப்டம்பர் 8ஆம் நாள். வாழ்ந்து நிறைவெய்தியவர்க்கு முடிவும், முன்னரே அருள் நிறைந்தவர்க்குத் தொடக்கமும் விழாவாகின்றன.

இதே வேறுபாடு தமிழ்ச் சமயங்களிலும் உண்டு. ஆழ்வார்களைத் திருமாலின் படைக்கலம் முதலியவற்றின் அம்சங்களாகக் கருதும் வைணவர், அவர்கள் பிறந்த விண்மீனாகிய திருநட்சத்திரத்தைப் போற்றுவர். சீர்காழியை அடுத்த திருக்குறையலூரில் தோன்றிய திருமங்கையாழ்வாரின் கார்த்திகைத் திருநட்சத்திரம் சில ஆண்டுகளில் டிசம்பர் முற்பகுதியில் அமைகிறது. சைவ சித்தாந்தமோ, உயிர் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தோடு அநாதியாகவே பிணிப்புண்டது எனக் கொள்வதால், நாயன்மார் பிறந்த நாளை விடுத்து, அவர்கள் சிவனடி சேர்ந்த நாளில் குருபூசை செய்கிறது. இறைநேசர் மறைவை நினைவுகூரும் கந்தூரியும், பிறை கண்டு கணிக்கும் இசுலாமிய ஆண்டுக்கேற்ப, அம்முடிவையே போற்றுகிறது.

உலகியல் விழாக்களில் இந்த முறை மாறுகிறது. 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்த குழந்தை மகாகவியாகும் என அன்று எவரும் அறிந்திலர். பிற்காலப் பாடல்களின் பெருமையே பாரதியின் பிறந்த நாளுக்குப் பொருள் தந்தது. இங்கு நாள் தொடக்கத்தைக் குறித்தாலும், போற்றப்படுவது நிறைவே.

நாயன்மாருள் ஒருவரான, புனிதவதி என்னும் இயற்பெயர் கொண்ட காரைக்கால் அம்மையாரின் பிறந்த நாளை அறிவார் இல்லை. பங்குனிச் சுவாதியில் குருபூசை நிகழ்ந்தாலும், ஊர் திரளும் பெருவிழா ஆனி முழுநிலவையொட்டிய மாங்கனித் திருவிழாவே ஆகும். கணவன் பரமதத்தன் அனுப்பிய கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியார்க்கு இட்ட புனிதவதிக்கு, கணவன் மீண்டும் கேட்டபோது இறைவன் வேறொரு கனி அருளிய நிகழ்வே அவ்விழாவின் உயிர்நிலை. பிறப்பும் இறப்பும் ஒருவரது விருப்பத்துக்கு உட்பட்டவை அல்ல. வாயிலில் நிற்பவர்க்கு உணவிடுவதோ இடுபவரது விருப்பத்துக்கு உட்பட்டது. ஆகவே புனிதம் இல்வாழ்வின் நடுவே, அன்பினால் செய்த ஒரு செயலிலும் வெளிப்படக்கூடும் என்பதே காரைக்கால் தரும் மூன்றாம் விடையாகும்.