மகிழ மரத்தடியில் நின்ற நண்பர்

போன வாரம் நம்ம சமய வகுப்புல 'சிந்து பைரவி' படத்தை வச்சு ஒரு வாக்குவாதம். 1985-இல் பாலசந்தர் எடுத்த படம். நாமெல்லாம் அப்போ பிறக்கவே இல்லை. அம்மா பார்க்கும்போது பக்கத்துல உட்கார்ந்து பார்த்ததுதான்.

ஜே.கே.பி. பெரிய சங்கீத வித்வான். மிருதங்கக்காரர் குடிச்சிட்டு வந்தார்னு மிருதங்கமே இல்லாம கச்சேரி செய்தவர். மனைவி பைரவிக்குச் சங்கீதம் புரியாது, குழந்தையும் இல்லை. சிந்துவுக்குப் புரியும். அங்கேதான் சறுக்கல். சிந்து விலகிப் போனதும் அதே மனுஷர் குடியில் விழுகிறார். கடைசியில் சிந்து தன் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். "என்ன ஒரு தியாகம்!" என்றாள் ஒரு தங்கை. எனக்கு அப்படிப் படவில்லை. தப்பு செய்தவருக்குப் பாட்டும் திரும்பி வந்தது, பிள்ளையும் கிடைத்தது. கணக்கைத் தீர்த்தது அந்த இரண்டு பெண்கள்தான்.

பெரியபுராணத்தில் சுந்தரர் கதையைப் பாருங்கள். திருவாரூரில் பரவையார் இருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரை விரும்புகிறார். அந்தக் காலத்தில் இரண்டாவது திருமணம் குற்றமில்லை. ஆனா, "உன்னைப் பிரியமாட்டேன்" என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்யணும். சுந்தரர் என்ன பண்றார்? சிவபெருமானிடமே போய், "நான் சன்னதியில சத்தியம் செய்யும்போது நீங்க மகிழ மரத்தடிக்குப் போயிடுங்க" என்று கேட்கிறார். ஆளில்லாத சன்னதியில செய்த சத்தியம் கட்டாதாம்! நம்ம பசங்க பாஷையில சொன்னா, "மச்சான், கொஞ்சம் கவர் பண்ணு."

தம்பிரான் தோழர் ஆச்சே, சிவன் மறுக்கவில்லை, சரி என்கிறார். ஆனா சங்கிலியார் கனவில் போய், "மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்" என்றும் சொல்லிவிடுகிறார். மறுநாள் தோழிமார் அதையே கேட்க, சுந்தரருக்கு வேற வழியில்லை. அப்புறம் பரவையார் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போச்சு. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று பிறகுதான் கிடைத்தது. கோபத்தில் இருந்த பரவையாரிடம் அதே சிவன்தான் நடுராத்திரியில் தூது போகிறார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. நண்பனைக் கைவிடவும் இல்லை, அவன் பொய்க்குத் துணை நிற்கவும் இல்லை.

இந்தக் கதை எனக்குச் சுடுவதற்குக் காரணம் இருக்கு. இண்டர்ன்ஷிப் செய்த இடத்தில் ஒரு அண்ணன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், மோட்டார் சைக்கிள் பழுதானபோது பணம் கொடுத்தவர். ஒரு சனிக்கிழமை, "அண்ணி போன் பண்ணா என்கூடதான் இருக்கார்னு சொல்லிடு" என்றார். யாரோடு இருந்தார் என்று எனக்குத் தெரியும். அண்ணி கூப்பிட்டாங்க. "ஆமா அண்ணி, குளிக்கிறார்" என்றேன். "சரி தம்பி, ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது தடவை கேட்டபோது முடியாது என்றேன். வேற எதுவும் பேசத் தைரியம் வரலை. இப்போ அண்ணன் என் மெசேஜுக்குப் பதில் போடுவதில்லை. அண்ணி மட்டும் நேற்று கூப்பிட்டாங்க. தீபாவளிக்கு வீட்டுக்கு வரணுமாம், எனக்குப் பிடிக்கும்னு முறுக்கு சுட்டு வச்சிருக்காங்களாம். வரேன்னு சொல்லியிருக்கேன். அதற்கு முன்னால் அண்ணனை ஒருமுறை நேரில் பார்க்கணும்.