பிள்ளை ‘வேண்டாம்’ என்று சொல்லலாமா?



பெரியவர் கூப்பிட்டால் பிள்ளை போக வேண்டும். மடியில் இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும், முத்தம் கேட்டால் கொடுக்க வேண்டும். மறுத்தால் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று பெற்றோருக்குத்தான் பேச்சு. இதற்கு மரியாதை என்று பெயர். அன்புக்கொடி மக்கள் இந்த மரியாதையைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

திருவிதாங்கூரில் சான்றோர் குலத்து ஆண்கள் தலையில் துணி கட்டக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்று விதி இருந்தது. மேல்சாதியார் முன் உடம்பைத் திறந்து நிற்பதுதான் அன்றைய மரியாதை! அய்யா வைகுண்டர் அந்த மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். அய்யா வைகுண்டம் ஏகியது 1851-இல். தோள்சீலைக்கு அரசாணை வந்தது 1859-இல். மேலே இருப்பவன் என்பதற்காக ஒருவனுக்கு இன்னொருவர் உடம்பின்மேல் அதிகாரம் இல்லை என்பதற்காகவே அவ்வளவு பாடும். பதியின் பள்ளியறைக் கண்ணாடிமுன் ஐந்து வயதுப் பிள்ளை நின்றாலும் அதில் தெரிவது அந்தப் பிள்ளையின் உருவந்தான். அந்தப் பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் அது எப்படி அவமரியாதை ஆகும்?

மூன்று வயதிலேயே, குளிப்பாட்டும்போது, உறுப்புகளின் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொடுக்கலாம். உடுப்புக்குள் இருக்கும் இடத்தை யாரும் தொடக்கூடாது. வைத்தியர் பார்ப்பதானாலும் அம்மாவோ அப்பாவோ கூட இருக்க வேண்டும். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று சொல்வது மட்டும் போதாது. கெடுக்க வருகிறவன் மிட்டாயும் செல்போனும் கிச்சுகிச்சும் கொண்டுதான் தொடங்குவான், பிள்ளைக்கு அது கெட்டதாகவே தோன்றாது. அவன் பெரும்பாலும் தெரிந்தவன், மாமன் முறையோ அண்ணன் முறையோ ஆனவன். ஆகவே, ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்று யார் சொன்னாலும் அதை உடனே வந்து சொல்ல வேண்டும் என்று பழக்குவதே உறுதியான காவல். ஆண்பிள்ளைக்கும் இதே பாடம்தான். சொல்ல வரும் பிள்ளையிடம் ‘நீ ஏன் அங்கே போனாய்?’ என்று கேட்டுவிட்டால், அது பிறகு வாய் திறக்காது.

பொறுமையை அய்யா போதித்தாரே என்பார்கள் சிலர். அது தனக்கு நேர்ந்ததைத் தாங்குவதற்கு. பிள்ளைக்கு நேர்ந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வது பொறுமை அல்ல, கைவிடுதல். குடும்ப மானம் என்றும், ‘அவர் பணிவிடை செய்கிறவர் ஆயிற்றே’ என்றும் மூடி மறைப்பவர் கலிக்கே துணை நிற்கிறார்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் தராமல் இருப்பதும் அதன்படி குற்றம். பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போக வேண்டியதில்லை. கூடுமானவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், வீட்டுக்கே வந்து கேட்பார். பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் போடக்கூடாது. 1098 என்ற எண்ணுக்கு இரவிலும் பேசலாம், கட்டணம் இல்லை. திருஏடு வாசிப்புக்குத் தாங்கலில் பிள்ளைகள் கூடும் நாட்களில், அந்த எண்ணை அவர்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் சுவரில் எழுதி வைக்கலாம்.