கதவு திறக்கவில்லையா, தெரு இருக்கிறது!

இரண்டு மொழி பேசுகிறவர் இரண்டிலும் அரைகுறைதான் என்று உன்னை நம்ப வைத்தது யார்? வீட்டில் ஒரு மொழி, வெளியில் இன்னொரு மொழி. வெளியில் வாயைத் திறந்ததும் நாக்கு ஒரு கணம் தடுமாறுகிறது. உன் உச்சரிப்பைக் கேட்டு எதிரில் இருப்பவர் ஒரு மாதிரி பார்க்கிறார். அந்த ஒரு பார்வைக்கே கூனிக்குறுகி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறாய். எழுந்து வா, தங்கையே. தம்பி, நீயும் வா. மிரியம் கொலோன் என்ற பெண்ணைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

1936-ல் புவேர்ட்டோ ரிக்கோ தீவில், பொன்சே நகரில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்த பின், அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தலைநகர் சான் உவானில் அரசு கட்டிய ஏழைகள் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து பள்ளிக்கூடம் போன சிறுமிக்கு நாடகப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பள்ளிப் படிப்பு முடியும் முன்பே, பல்கலைக்கழக நாடகத் துறையின் வகுப்புகளில் உட்கார்ந்து பார்க்க அவரை அனுமதித்தார்கள். அடுத்து உதவித்தொகை, அடுத்து நியூயார்க். எலியா கசானும் லீ ஸ்ட்ராஸ்பெர்க்கும் கோலோச்சிய ஆக்டர்ஸ் ஸ்டூடியோ என்ற நடிப்புப் பட்டறையில் காலடி வைத்த முதல் புவேர்ட்டோ ரிக்கோ நடிகர் அவர்தான். பெரிய பெரிய நடிகர்கள் நுழையத் துடித்த இடம் அது!

இனி எல்லாம் ஏறுமுகம் என்று நினைப்பாய். இல்லை. புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917-லிருந்தே அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் ஸ்பானிஷ் வாடை வீசும் ஆங்கிலத்தோடு ஒரு பெண் போய் நின்றால், ஹாலிவுட்டுக்கு அவர் வேற்றாள்தான். கௌபாய் படங்களில், தொலைக்காட்சித் தொடர்களில், மெக்சிகோ கிராமத்துப் பெண், பழங்குடிப் பெண் என்று திரும்பத் திரும்ப அதே அச்சில் வார்த்த வேடங்கள். மார்லன் பிராண்டோவுடன் இரண்டு படங்களில் நடித்தும் அச்சு மாறவில்லை.

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் உட்கார்ந்துவிடுகிறோம். "எனக்கு யாரும் வாய்ப்பே கொடுக்கவில்லை" என்கிறோம். உண்மையாகவே இருக்கட்டும். வாசலில் நின்றே எத்தனை வருடம் கழிப்பாய்? உள்ளே இருப்பவர் மனம் இரங்கும்வரை உன் திறமை துருப்பிடிக்காமல் காத்திருக்குமா?

மிரியம் காத்திருக்கவில்லை. ரெனே மார்கேஸ் எழுதிய நாடகம் ஒன்று அவர் கையில் இருந்தது. பெயர் 'மாட்டு வண்டி'. மலைக் கிராமத்தில் பிழைக்க வழியில்லாத ஒரு குடும்பம் சான் உவான் சேரிக்கு வருகிறது. அங்கும் வாழ முடியாமல் நியூயார்க்கின் பிராங்க்ஸுக்குப் போகிறது. அங்கே குடும்பத்தின் மூத்த மகனை ஒரு இயந்திரம் விழுங்கிவிடுகிறது. 1966-ல் இந்த நாடகம் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் மேடையேறியது. மகள் உவானித்தாவாக மிரியம் நடித்தார். அண்ணனாக நடித்த இளைஞர் ராவுல் உலியா, பின்னாளில் உலகம் அறிந்த நடிகர்.

நாடகம் நன்றாகப் போயிற்று. இன்னொருவராக இருந்தால் அதோடு நிறைவடைந்திருப்பார். மிரியமின் கண் வேறெங்கோ இருந்தது. இது யாருடைய கதை? மாட்டு வண்டியில் ஏறி வந்தவர்களின் கதை. அவர்கள் எங்கே? தையல் ஆலைகளில், உணவுவிடுதிச் சமையல்கட்டுகளில், அடுக்குமாடி வீடுகளின் இருட்டு அறைகளில். டிக்கெட் எடுத்து அரங்குக்குள் வந்து உட்கார அவர்களிடம் காசும் இல்லை, அது தங்களுக்கான இடம் என்ற எண்ணமும் இல்லை. அவர்கள் வர முடியாது என்றால் நாடகம் போகட்டும்! 1967 கோடையில் அதே நாடகத்தைத் தூக்கிக்கொண்டு நகரத்தின் பேட்டை பேட்டையாகக் கிளம்பினார். அனுமதி இலவசம். மேடை பூங்காவில், தெருவில். 'புவேர்ட்டோ ரிக்கோ பயண நாடகக் குழு' பிறந்தது அப்படித்தான்.

அந்தத் தெருவை ஒரு கணம் மனக்கண்ணில் பார். வெயில் தாழ்ந்த நேரம். குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், எங்கோ வானொலி அலறுகிறது, தூரத்தில் வண்டிகளின் ஹாரன். அரங்கில் விளக்கை அணைத்தால் தானாக வரும் அமைதி இங்கே வராது. ஒவ்வொரு வசனத்தையும் இரைச்சலோடு மல்லுக்கட்டித்தான் கேட்க வைக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் பார்வையாளர் மரியாதைக்குக்கூட உட்கார மாட்டார், எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். எந்த நடிப்புப் பள்ளியும் இப்படியொரு பாடத்தைச் சொல்லித்தர முடியாது என்று நான் அடித்துச் சொல்வேன்.

இனிதான் நீ ஊன்றிக் கேட்க வேண்டியது. அந்தக் குழு வெறும் ஸ்பானிஷ் நாடகக் குழுவாக ஒதுங்கிக்கொள்ளவில்லை. ஆங்கிலக் குழுவாகவும் வேஷம் போடவில்லை. ஒரே நாடகத்தைச் சில நாள் ஸ்பானிஷில், சில நாள் ஆங்கிலத்தில் நடத்தியது. இரட்டிப்பு ஒத்திகை, இரட்டிப்பு மனப்பாடம், இரட்டிப்பு உழைப்பு. ஸ்பானிஷில் ஒரு தாயின் ஒப்பாரி நீண்டு கிடக்கும். ஆங்கிலத்தில் அதே துயரத்தைக் குறுகிய வாக்கியத்துக்குள் அடக்க வேண்டும். மூச்சை எங்கே விடுவது என்பதே மாறிவிடும். அந்தக் கஷ்டத்தை மிரியம் விரும்பி ஏற்றார். தீவில் பிறந்த பாட்டி ஒரு நாள் வருவார், ஆங்கிலம் மட்டுமே பேசும் பேரன் இன்னொரு நாள் வருவான், இருவரும் ஒரே கதையைப் பார்த்துவிட்டு வீட்டில் பேசிக்கொள்ளலாம். ஒற்றை மொழிக்காரரால் இதைச் செய்திருக்க முடியுமா? எந்த நாக்கைக் குறை என்றார்களோ, அந்த நாக்குதான் ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறையைச் சேர்த்து வைத்தது!

அவர் மட்டுமா? ஆங்கிலப் பெயர் இருந்தால்தான் பிழைக்கலாம் என்று 'மார்ஜ் கேமரன்' ஆகிப்போன நடிகை கார்மென் சபாட்டா, அந்தப் பெயரைக் கழற்றி எறிந்துவிட்டுச் சொந்தப் பெயருக்குத் திரும்பினார். 1973-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மார்கரீத்தா கல்பான், எஸ்தேலா ஸ்கர்லாட்டா என்ற இரண்டு பெண்களோடு சேர்ந்து இருமொழிக் கலை அறக்கட்டளை தொடங்கினார். ஸ்பானிஷ் நாடக மேதை லோர்க்காவின் நாடகங்களை ஆங்கிலத்துக்குப் பெயர்த்தவர்களில் அவரும் ஒருவர். பெயரை ஒளித்து வைத்தவர்தான் பிறகு தன் மொழியின் செல்வத்தை அடுத்த மொழிக்குள் கொண்டுபோய் வைத்தார்.

மிரியமுக்கு வருவோம். 1983-ல் 'ஸ்கார்ஃபேஸ்' படம். போதைப்பொருள் விற்றுப் பணம் பார்த்த மகனாக அல் பச்சினோ. அம்மாவாக மிரியம். இருவருக்கும் நிஜத்தில் வயது வித்தியாசம் நான்கு வருடம்கூட முழுதாக இல்லை! மகன் பணக்கட்டை மேசையில் வைக்கிறான். அந்தப் பணம் எப்படி வந்தது என்று தாய்க்குத் தெரியும். வீட்டை விட்டு வெளியே போ, உன் பணத்தையும் எடுத்துக்கொண்டு போ என்று துரத்துகிறார். சில நிமிடங்களே வரும் வேடம். அந்த நிமிடங்களில் பச்சினோ குனிந்து நிற்கிறார், மிரியம் நிமிர்ந்து நிற்கிறார். தெரு இரைச்சலை அடக்கிப் பழகிய குரலுக்கு ஒரு சமையலறை எம்மாத்திரம்!

சின்ன வேடம் என்று அவர் எதையும் ஒதுக்கவில்லை. சொந்தக் குழுவில் தலைவி, இயக்குநர். வெளியில் கூப்பிட்டால் இரண்டு காட்சிக்கும் தயார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு 'பிளெஸ் மி, அல்டிமா' படத்தில் மூலிகை வைத்தியம் செய்யும் மூதாட்டியாக முதன்மை வேடம் வந்தது. 78 வயதில் 'பெட்டர் கால் சால்' தொடரில் பாட்டி. அதே 2015-ல் வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமா கையால் தேசியக் கலைப் பதக்கம். வயதாகிவிட்டது என்று முப்பதிலேயே மூலையில் உட்காரும் அன்பனே, அந்தக் கணக்கை இன்றே கிழித்துப் போடு.

2017 மார்ச் மாதம், எண்பது வயதில் மிரியம் மறைந்தார். நியூயார்க்கில் மேற்கு 47-வது தெருவுக்குப் போனால், 304-ம் எண்ணில் ஒரு பழைய தீயணைப்பு நிலையம் இருக்கும். தெருவில் தொடங்கிய குழு அதைத்தான் தன் அரங்காக்கிக்கொண்டது. பிராட்வேயின் பெரிய கொட்டகைகள் அங்கிருந்து நடக்கும் தூரம். தீயணைப்பு வண்டி நுழைவதற்காகக் கட்டிய வாசல் வழியாக, ஸ்பானிஷ் பேசிக்கொண்டு பாட்டிமார் நாடகம் பார்க்க உள்ளே போனார்கள்.