ஐப்பசி மழையும் நம் பெண்மணிகளின் உடையும்

உடை எதற்காக? இக்கேள்விக்கு மனிதன் தன் போக்கில் ஆயிரம் விடைகள் சொல்லக்கூடும். ஆனால் அல்லாஹ் ஜல்லஷானுஹு தன் திருமறையில் இதைத் தெளிவாகவே அறிவித்திருக்கிறான். அஃராஃப் அத்தியாயத்தில், ஆதமுடைய மக்களுக்கு உடை அருளப்பட்டது மானத்தை மறைப்பதற்காகவும் அலங்காரத்திற்காகவும் என்று கூறி, தக்வா என்னும் உடையே மேலானது என்றும் உணர்த்துகிறான். நஹ்ல் அத்தியாயத்தில், வெப்பத்திலிருந்து காக்கும் சட்டைகளைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக எண்ணிக் காட்டுகிறான். ஆக, மறைத்தல், அழகூட்டல், பருவத்தின் கடுமையிலிருந்து காத்தல் ஆகிய மூன்றும் உடையின் வேலைகள் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம். நம் காலத்திலோ நான்காவதாக ஒரு வேலையும் அதன் தலையில் சுமத்தப்பட்டுவிட்டது. "இது புதிது" என்று பிறரைச் சொல்ல வைப்பதுதான் அந்த வேலை! முதல் மூன்றையும் நான்காவது விழுங்கிவிடுகிறதா என்பதே நாம் இங்கு சிந்திக்க வேண்டிய விஷயம்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே ரமணாசிரமம் பகுதிக்குச் செல்வோர் இக்கேள்வியைக் கண்ணெதிரே காணலாம். மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் முடியும் வரை அப்பகுதியில் மேனாட்டார் நடமாட்டம் மிகுதி. அவர்களை நம்பியே சாலையோரத் துணிக்கடைகளில் தொளதொளப்பான பருத்தி அங்கிகளும் சால்வைகளும் வரிசையாகத் தொங்குகின்றன. கல்லூரிக்கும் வேலைக்கும் போய்வரும் நம் பெண்பிள்ளைகளும் இவற்றைப் பார்த்துக்கொண்டேதான் செல்கிறார்கள். வீட்டுக்கு வந்து அலைபேசியைத் திறந்தால் அதில் வேறொரு கடை விரிகிறது. "இலையுதிர் காலத்திற்கு ஏற்ற, என்றும் மாறாத உடைகள்" என்று கம்பளிச் சட்டை, நீண்ட கோட்டு, முழங்கால் வரை உயர்ந்த தோல் காலணி ஆகியவற்றைக் காட்டி ஆசையை மூட்டுகிறார்கள். வாசலில் ஐப்பசி மழை. கையில் இருக்கும் படத்திலோ மேப்பிள் மரத்துச் சருகு!

இலையுதிர் காலம் என்பது ஐரோப்பாவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நிகழ்வது. அங்கே மரங்கள் பழுப்பும் செம்மையுமாக மாறி இலையை உதிர்க்கும்; குளிர் வரும்; கம்பளி தேவைப்படும். நம் முன்னோரோ ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்றழைத்தார்கள். வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும் காலம் அது. நமக்கு அப்போது வேண்டியது ஈரத்தைத் தாங்கும் உடை. பனிநாட்டின் கோட்டை இந்த ஈரத்தில் அணிந்தால் உள்ளே வியர்வை, வெளியே மழை என்ற நிலைதான். பருவத்தைப் படைத்தவன் அல்லாஹ். அவன் நம் ஊருக்கு என்ன பருவத்தைக் கொடுத்தானோ அதற்கேற்ப உடுத்துவதே அறிவு. அதுவே அவனுடைய ஏற்பாட்டை மதிப்பதுமாகும்.

"என்றும் மாறாத உடை" என்று மேனாட்டார் போற்றுபவை எங்கிருந்து பிறந்தன என்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் பர்பரி என்பவர் 1879-இல் காபர்டீன் என்ற நெருக்கமான நெசவுத் துணியை உருவாக்கினார். மழையைத் தடுப்பதே அதன் நோக்கம். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், சேறு நிறைந்த பதுங்குகுழிகளில் நின்ற ராணுவ அதிகாரிகள் அவ்வகை மழைக்கோட்டுகளை அணிந்தார்கள். "டிரெஞ்ச் கோட்" என்ற பெயரே பதுங்குகுழியைக் குறிப்பதுதான். முன்புறம் பொத்தான் வைத்த "கார்டிகன்" என்ற கம்பளிச் சட்டைக்கும், 1853-இல் தொடங்கிய கிரிமியப் போரில் படை நடத்திய கார்டிகன் பிரபுவின் பெயர்தான் நிலைத்திருக்கிறது. மழையும் குளிரும் கேட்டதால் பிறந்த உடைகள் இவை. தேவையிலிருந்து பிறந்ததனாலேயே அவை நூறாண்டு கடந்தும் நிற்கின்றன.

வியாபாரத்திலிருந்து பிறந்த உடையின் ஆயுளோ மிகக் குறுகியது. பாரிஸ், மிலான் முதலிய நகரங்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே அடுத்த இலையுதிர் காலத்து உடைகளை மேடையில் காட்டிவிடுகிறார்கள். பருவம் வருவதற்கு அரை ஆண்டு முன்பே ஆசை வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு! சென்ற ஆண்டு வாங்கியது கிழியவில்லை, சாயம் போகவில்லை, ஆயினும் அது "பழையது" ஆகிவிடுகிறது. துணி பழையதாவதற்கு முன் மனத்தைப் பழையதாக்கும் தந்திரம் இது.

இதை விளக்க நம் தாயார் ஆயிஷா (ரலி) அவர்களின் வாழ்விலிருந்து ஓர் அரிய செய்தியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருமுறை ஆயிஷா நாயகி அவர்கள் ஐந்து திர்ஹம் விலையுள்ள முரட்டுத் துணிச் சட்டை ஒன்றை அணிந்திருந்தார்கள். தம்மிடமிருந்த பணிப்பெண்ணைக் காட்டி, இதை வீட்டுக்குள் அணிவதற்குக்கூட இவள் கூசுகிறாள் என்று வந்தவரிடம் சொன்னார்கள். பின்னர், நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் தம்மிடம் இத்தகைய சட்டை ஒன்று இருந்ததையும், மதீனாவில் அலங்கரிக்கப்படும் பெண் எவரும் அதை ஆளனுப்பி இரவல் வாங்காமல் இருந்ததில்லை என்பதையும் நினைவுகூர்ந்தார்கள்.

சகோதரிகளே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். உடை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு காலத்தில் அது மணப்பெண்ணின் அலங்காரம். சில ஆண்டுகளில் அது பணிப்பெண்ணும் ஒதுக்கும் பண்டம்! மாறியது நூலா? கண்ணா? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஒரு சட்டை பல வீடுகளின் மகிழ்ச்சிக்குப் பயன்பட்டது. தன் அலமாரியில் பூட்டி வைக்காமல் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தனுப்பிய அந்தக் கை, அந்த உடையை விட எவ்வளவு அழகு! ஓர் உடை நிலையானதா என்று அறிய இதைவிடச் சிறந்த அளவுகோல் நமக்குத் தோன்றவில்லை. பல ஆண்டு உழைக்க வேண்டும். பலருக்கும் உதவ வேண்டும்.

இனி, கூதிர் காலத்திற்கு உடை தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம். கடையின் கண்ணாடி முன் நின்று பார்ப்பது பாதிச் சோதனைதான். அந்த உடை மழையில் நனைந்த பிறகும் மறைக்குமா என்பதே மறுபாதி. ஜார்ஜெட், மெல்லிய மல் துணி முதலியவை நனைந்ததும் உடலோடு ஒட்டிக்கொள்ளும். உடுத்தியும் உடுத்தாதவர்களாக இருக்கும் பெண்களைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதை நினைவில் கொண்டால், துணியின் ஒரு முனையை நனைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் வழக்கம் தானே வந்துவிடும். கை தெரிந்தால் லைனிங் கொடுத்துத் தைக்க வேண்டும். இல்லையேல் வேறு துணி எடுக்க வேண்டும்.

முழுப் பருத்தி உடலுக்கு இதம். ஆயின் ஈரமானால் காய நேரமெடுக்கும். பருத்தியோடு சிறிது பாலியஸ்டர் கலந்த கெட்டித் துணி விரைவில் உலரும். இரண்டு மூன்று உடைகளை மாற்றி மாற்றி உடுத்தினாலே மழைக்காலம் முழுவதும் போய்விடும். பழுப்பு, செங்கல் நிறம், கரும்பச்சை போன்றவற்றில் சேற்றுக் கறை எளிதில் தெரியாது. மேனாட்டார் இலையுதிர் காலத்து நிறங்கள் என்று சொல்வதும் இவற்றையே! ஆகவே அங்கிருந்து வருவதெல்லாம் தள்ளத்தக்கது என்று நாம் சொல்லவில்லை. நம் மண்ணுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். தையல் தளர்வாகவும் கை மணிக்கட்டு வரையிலும் இருக்கட்டும். பாதத்தை மறைப்பதில் அவரவர் மத்ஹபின்படி நடந்துகொள்க. ஹவாய்ச் செருப்பு நடக்கும்போது சேற்றை வாரி உடையின் பின்புறத்தில் அடிக்கும். பின்வார் உள்ள ரப்பர் செருப்பு அத்தொல்லையைக் குறைக்கும். பட்டை மழை நாளில் எடுக்காதிருப்பது நல்லது; நம் மாவட்டத்து ஆரணிப் பட்டு ஒன்று வீட்டிலிருந்தால், வானம் வெளுத்த நாளில் நடக்கும் நிக்காஹ் விருந்துக்கு அது போதும். மார்கழி விடியலுக்கு ஒரு கம்பளிச் சட்டையோ சால்வையோ இருந்தால் நிறைவு.

உடை சேறாகிவிடுமே என்ற கவலை இன்று நேற்று வந்ததன்று. பள்ளிவாசலுக்கு வரும் வழி அசுத்தமாக இருக்கிறதே, மழை பெய்தால் நாங்கள் என்ன செய்வது என்று அப்துல் அஷ்ஹல் குலத்துப் பெண்மணி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்டார். அதன் பிறகு தூய்மையான வழி வருகிறதல்லவா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஆம் என்றதும், அதற்கு இது ஈடாகிவிடும் என்று மொழிந்தார்கள். அபூதாவூதில் காணப்படும் இச்செய்தியில் எவ்வளவு கனிவு! பெண்ணின் உடை ஓரத்துச் சேறுகூட நம் மார்க்கத்தில் கேட்கத் தகுந்த கேள்விதான்.

அழகாக உடுத்த விரும்புவது பாவமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். தம் உடையும் காலணியும் நன்றாயிருக்க வேண்டும் என்று விரும்புவது பெருமையாகுமா என்ற கேள்வி எழுந்தபோது, அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று விளக்கினார்கள். வசதியிருந்தும் கந்தலோடு வந்த ஒருவரிடம், அல்லாஹ் தந்த அருளின் அடையாளம் உம்மீது தெரியட்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். எனவே அழகு குற்றமன்று. அழகைக் கொண்டு அடுத்தவரை அளப்பதுதான் குற்றம்.

இங்கே ரமணாசிரமம் பகுதி நமக்கு இன்னொரு சிந்தனையையும் தருகிறது. 1896-இல் இவ்வூருக்கு வந்து 1950-இல் மறைந்த ரமணர், கோவணம் ஒன்றோடு வாழ்ந்தவர். அவருடைய வழி வேறு, நம் மார்க்கம் வேறு. துறவு நமக்கு விதிக்கப்படவில்லை. ஆனால் அந்த ஆசிரமம் இருக்கும் அதே சாலையில் இன்று எளிமையும் ஒரு சரக்காகத் தொங்குகிறது. விலை கொடுத்து வாங்கிய எளிய உடையை உடுத்தி, "பாருங்கள், நான் எவ்வளவு எளிமை!" என்று மனம் சொல்லுமானால் அதுவும் ஆடம்பரமே. பிறர் பேச வேண்டும் என்பதற்காக உடுத்தும் உடையை நபிமொழி கண்டித்திருக்கிறது. மிக உயர்ந்த உடை, மிகத் தாழ்ந்த உடை ஆகிய இரண்டுமே அதில் அடங்கும் என்று அறிஞர் பெருமக்கள் விளக்கியுள்ளார்கள்.

நம் புர்காவும் இதற்கு விலக்கன்று. முன்பு தமிழகத்தின் பல ஊர்களில் வெள்ளைத் துப்பட்டியே வழக்கமாயிருந்தது. வளைகுடாப் பயணங்களுக்குப் பின் கறுப்பு அங்கி பரவியது. இன்று அதிலும் கல் பதித்தது, சரிகை வைத்தது, புது மாடல் என்று ஆண்டுக்கொரு போட்டி! மறைப்பதற்காக வந்த உடையே "என்னைப் பார்" என்று கூப்பிட்டால் அதை என்னவென்பது?

இவ்விஷயத்தில் வீடுகளில் நடக்கும் சண்டையை நாம் அறிவோம். "உம்மா, எல்லாரும் போடுகிறார்களே" என்று மகள் கேட்கிறாள். "எல்லாம் ஹராம்" என்று அதட்டி விடுகிறோம். அல்லது அத்தாவைக் கடன் வாங்கச் சொல்லி வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். முதலாவது பிள்ளையின் மனத்தில் மார்க்கத்தைக் கசப்பாக்குகிறது. இரண்டாவது வீட்டின் நிம்மதியைக் குலைக்கிறது. மகளை அருகே அமர்த்தி, "இது மழைக்கு உதவுமா? நனைந்தால் மறைக்குமா? ஐந்து வருஷம் உழைக்குமா? இதை உன் தோழிக்கு இரவல் கொடுக்க உனக்கு மனம் வருமா?" என்று கேளுங்கள். நான்கிற்கும் ஆம் என்று அவள் சொன்னால், சக்திக்கு உட்பட்டு மகிழ்ச்சியோடு வாங்கிக் கொடுங்கள். அழகாயிருக்கிறாய் என்று வாயாரச் சொல்லவும் தயங்காதீர்கள்.

அலமாரியையும் இந்த மழைக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். மூன்றாண்டாகத் தொடாத கெட்டியான உடை ஒன்று அதில் இருக்கக்கூடும். தெருக்கோடியில் நனைந்த உடையோடு வேலைக்கு வரும் ஏழைச் சகோதரிக்கு அது இவ்வாண்டின் கூதிரைக் கடத்திவிடும். நம் அலமாரியில் பழையதான அந்த உடை, அவள் தோளில் ஏறும்போது புத்தாடையாகிவிடும். நமக்கோ, என்றும் பழையதாகாத அந்தத் தக்வாவின் உடையில் ஓர் இழை கூடும்.

மானத்தை மறைத்து, மனத்தையும் அழகாக்கும் உடையை அல்லாஹ் நம் பெண்மக்கள் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.