குலுக்கலில் விழும் பிறப்பு

ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' 1982இல் வந்த படம். அதை ஒட்டி வெஸ்ட்வுட் ஸ்டுடியோஸ் 1997இல் வெளியிட்ட கணினி விளையாட்டு, படத்தின் கதையைத் திருப்பிச் சொல்வதில்லை. அதே 2019ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ், அதே ஓயாத மழை. நாயகன் மட்டும் ரே மெக்காய் என்ற புதிய காவலர். மனித உருவில் செய்யப்பட்ட ரெப்ளிகன்ட்களைத் தேடிச் சுடுவது அவர் வேலை. ஒவ்வொரு முறை புதிதாக ஆடத் தொடங்கும்போதும், பாத்திரங்களில் சிலர் மனிதரா ரெப்ளிகன்டா என்பதைக் கணினியே குலுக்கிப்போட்டு முடிவு செய்கிறது. கலகக் கூட்டத்தின் தலைவன் கிளோவிஸ் எப்போதும் ரெப்ளிகன்ட்தான். விலங்குக் கடையில் வேலை பார்க்கும் சிறுமி லூசியோ ஓர் ஆட்டத்தில் மனிதப் பிறவி, இன்னொன்றில் செய்யப்பட்டவள். முகம் அதேதான், குரலும் அதேதான். அவளைச் சுடுவது இந்த ஆட்டத்தில் கொலை, அடுத்ததில் கடமை என்றால், அந்தத் தீர்ப்பை வழங்கியது அறம் அல்ல, குலுக்கல். ஒருவரின் உயிரைப் பறிக்கலாமா என்பதற்குப் பிறப்பு விடையாகாது என்ற வாதத்தை இவ்வளவு கறாராக முன்வைத்த விளையாட்டுகள் குறைவு.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு இல்லாத வேறுபாடு ஆகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. கதையில் வரும் வாய்ட்-காம்ஃப் சோதனை அதைக் கண்டுபிடிக்கவே இருக்கிறது. ஆனால் சோதனை சொல்வது, எதிரில் இருப்பவர் எந்த வகை என்பதை மட்டுமே. அந்த வகையினர் சாக வேண்டும் என்பது சட்டம் தானாகச் சேர்த்துக்கொண்ட வரி. எந்தக் கருவியும் அதை அளந்து சொல்லவில்லை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கிளோவிஸின் ஆட்கள் உண்மையாகவே கொடியவர்கள். உயிருள்ள விலங்குகள் அருகிப்போன உலகில், ஒரு கடையின் விலங்குகளைக் கொன்று குவிப்பதில்தான் கதையே தொடங்குகிறது. அந்தக் குற்றத்துக்கு அவர்களைத் தண்டிக்கட்டும். மெக்காயிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையோ யார் என்ன செய்தார் என்று கேட்பதில்லை. யார் எப்படி உண்டானார் என்றே கேட்கிறது.

திரையில் இருப்பவை வெறும் படப்புள்ளிகள்தானே என்பாரும் உண்டு. லூசிக்கு வலிக்காது, சரி. சோதிக்கப்படுவது அவள் அல்லவே. சுடுவதற்கு ஆடுபவர் தனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணம்தான். படத்தில் ரெப்ளிகன்ட்களின் தலைவன் ராய் பேட்டி யாரென்று தெரிந்த பிறகே அவன்மீது இரங்குகிறோம். விளையாட்டில் லூசி யாரென்று உறுதியாகத் தெரியாமலே முடிவெடுக்க நேரலாம். இந்த ஒரு கேள்வியில் படத்தை விளையாட்டு மிஞ்சிவிட்டது.