குழந்தைக்குச் செலவு பண்றோமா, நேரம் கொடுக்கிறோமா?



போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, என் நாலரை வயசுப் பொண்ணைச் சென்னையில ஒரு மால்ல இருக்கிற ப்ளே ஏரியாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு மணி நேரத்துக்கு 600 ரூபாய். உள்ளே போகத் தனி சாக்ஸ் வேணும்னு 60 ரூபாய். வெளியே வந்ததும் பாப்கார்ன், ஜூஸ். மொத்தம் 1,100 தாண்டிடுச்சு. வாரம் முழுக்க ஆபீஸ்லயே கிடந்ததுக்கு ஈடு கட்டியாச்சுன்னு ஒரு நிம்மதி.

ராத்திரி என் மனைவி அவகிட்ட, "அப்பாகூட என்ன விளையாடினே?"ன்னு கேட்டாங்க.

"அப்பா விளையாடல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து போன் பாத்துட்டு இருந்தாங்க."

புகாராச் சொல்லல. நடந்ததைச் சொன்னா, அவ்ளோதான். எனக்குத்தான் தூக்கம் வரல.

எங்க வேலையில அவுட்சோர்ஸிங்னு ஒண்ணு உண்டு. நாம செய்ய வேண்டியதைக் காசு கொடுத்து இன்னொருத்தர்கிட்ட ஒப்படைக்கிறது. அன்னைக்கு நான் செஞ்சதும் அதுதான். குழந்தைக்காகச் செலவு பண்றது தப்பில்ல. ஆனா அந்தக் காசு குழந்தையோட சந்தோஷத்துக்கா, இல்ல குழந்தைகிட்ட இருந்து நமக்கு ஒரு மணி நேரம் ஓய்வு வாங்கறதுக்கா? இந்தக் கேள்விக்கு என்கிட்ட நேர்மையான பதில் இல்ல.

அடுத்த ஞாயிறு வீட்டுலயே இருந்தோம். தரையில சாக்பீஸால 14 வட்டம் போட்டேன். குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. பல்லாங்குழி ரெடி. ரெண்டே ஆட்டத்துல அவ விதியை மாத்திட்டா. "காலிக் குழிக்குப் பசிக்கும்பா, முதல்ல அதுக்குப் போடணும்." பத்து நிமிஷத்துல எனக்குப் போர் அடிச்சுது, கை தானா போனைத் தேடுச்சு. அப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. செலவில்லாத விளையாட்டுன்னு சொல்றோமே, அது இலவசம் இல்ல. காசுக்குப் பதிலா நம்ம பொறுமையைக் கேட்குது. 'எனக்குத்தான் தெரியும்'ங்கிற நினைப்பையும் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல்லுது. 1,100 ரூபாயை விட அதைக் கொடுக்கிறதுதான் கஷ்டம்.

சுவாமிமலைக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். பிரணவத்தோட பொருளை மகன் சொல்ல, தந்தை கேட்கிறார். இதை எப்பவுமே மகனோட பெருமையாத்தான் பேசுறோம். ஒரு தடவை தந்தையோட பக்கத்துல நின்னு பாருங்க. பெரியவர், தன்னைச் சின்னவரா ஆக்கிக்கிட்டு, பிள்ளை பேசி முடிக்கிற வரைக்கும் காது கொடுக்கிறார்.

போன வாரம் சொந்தக்காரங்க வீட்டுக்குக் கும்பகோணம் போனப்போ, இதே நினைப்போட அவளைச் சுவாமிமலைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க 60 படி, 60 தமிழ் வருஷங்களுக்கு. நான் பொறந்த தாது வருஷம் வரிசையில 10ஆவது. அவ பொறந்த பிலவ 35ஆவது. அப்பா படியில இருந்து அவ படி வரைக்கும் சத்தமா எண்ணிக்கிட்டே ஏறினோம். 25 படி. அவ படியில நின்னுக்கிட்டுக் கீழே பார்த்துக் கேட்டா:

"நான் வர்ற வரைக்கும் நீங்க யாருகூட விளையாடினீங்க?"

அந்தக் கேள்வி எந்த ப்ளே ஏரியாவுலயும் வந்திருக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தா எனக்குக் கேட்டும் இருக்காது.

ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி 10 மணிக்கு வீடு வர்றவங்களுக்கு ஒரு மணி நேரமெல்லாம் கிடைக்காது, உண்மைதான். சோறு ஊட்டுற 15 நிமிஷம் கிடைக்கும்ல? போனை வேற ரூம்ல வச்சுட்டு உக்காருங்க. இன்னும் கல்யாணம் ஆகாதவங்க, அக்கா அண்ணன் பிள்ளைங்க இருந்தா, அடுத்த தடவை சாக்லேட் வாங்கிட்டுப் போறதோட நிறுத்தாம, "எனக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடு"ன்னு கேட்டுப் பாருங்க.

அவங்க சொல்லித் தரட்டும். நாம கேட்போம்.

முருகா சரணம்!